பழைய நிரல்களைப் புதிய இயங்குதளங்களில் இயக்குதல்: முறைகளும் தமிழ்த் தரவு மீட்பும்

ஆய்வுச்சுருக்கம்

பழைய கணினி நிரல் ஒன்று புதிய இயங்குதளத்தில் இயங்க மறுப்பதற்கு அந்நிரல் பழுதடைந்தது காரணமன்று. அது நம்பியிருந்த சூழல் மாறிவிட்டதே காரணம். நுண்செயலியின் கட்டளைகள், இயங்குதளத்தின் சேவைகள், கோப்புகள் இருக்கும் இடம், கடிகாரத்தின் வேகம், எழுத்துகளின் குறியேற்றம் ஆகியவற்றுள் எது மாறியது என்பதைக் கண்டறிந்தால்தான் ஏற்ற தீர்வைத் தெரிவுசெய்ய இயலும். டாஸ், விண்டோஸ் காலத்து நிரல்களைச் சான்றாகக் கொண்டு இவ்வடுக்குகளை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் நிரல்களைப் பொறுத்தவரை எழுத்துக் குறியேற்றம் இயங்குதளத்தில் அமையாமல் எழுத்துருவில் அமைந்திருந்தது. இதனால், நிரலை இயக்குவதும் அதிலுள்ள தரவை மீட்பதும் வெவ்வேறு பணிகள் என்பது நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பழைய நிரல்கள், பின்னோக்கிய இசைவு, எமுலேட்டர், மெய்நிகர் இயந்திரம், டாஸ், எழுத்துருக் குறியேற்றம், தரவு மீட்பு

முன்னுரை

எழுதி முடிக்கப்பட்ட நிரல் தேய்வதில்லை. 1990இல் நெகிழ்வட்டில் பதியப்பட்ட நிரலொன்றின் பைட்டுகள் பிழையின்றிப் படியெடுக்கப்பட்டிருப்பின், அவை இன்றும் அன்றிருந்த அதே பைட்டுகளே. ஆயினும் இன்றைய கணினியில் அதனைத் திறக்க முற்படுவோர்க்கு, இந்நிரல் இக்கணினியில் இயங்காது என்னும் அறிவிப்பே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கிறது. சில நிரல்கள் அறிவிப்பும் தராமல் மறைந்துவிடுகின்றன. வேறு சில இயங்கினாலும் திரையில் பொருளற்ற குறிகளைக் காட்டுகின்றன. மூன்றும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வெவ்வேறு.

இச்சிக்கல் தனிக்கணினிக்கு முற்பட்டது. ஐபிஎம் நிறுவனம் 1964இல் சிஸ்டம்/360 என்னும் கணினி வரிசையை அறிவித்தபோது, அதன் வாடிக்கையாளர்கள் 1401 என்னும் முந்தைய கணினிக்கு எழுதிய நிரல்களை ஏராளமாக வைத்திருந்தனர். அவற்றைக் கைவிடச் சொன்னால் புதிய கணினியை எவரும் வாங்கத் தயங்குவர். எனவே 360 வரிசையின் சிறிய கணினிகள் 1401இன் கட்டளைகளைப் போலச் செய்து காட்டும் வகையில் அமைக்கப்பட்டன. எமுலேட்டர் என்னும் சொல் கணினித் துறையில் வேரூன்றியது இச்சூழலில்தான். அந்த 360க்கு எழுதப்பட்ட பயன்பாட்டு நிரல்கள் பலவற்றை ஐபிஎம்மின் இன்றைய பெருங்கணினிகளும் ஏற்றுக்கொள்கின்றன. பின்னோக்கிய இசைவு என்பது தொழில்நுட்பம் தானாக அளிக்கும் பயனன்று. உற்பத்தியாளர் செலவிட்டுக் காக்கும் ஒரு வாக்குறுதி. அவ்வாக்குறுதி எங்கு காக்கப்பட்டது, எங்குக் கைவிடப்பட்டது என்பதே பழைய நிரல் ஒன்றின் இன்றைய நிலையை முடிவு செய்கிறது.

நிரல் நம்பியிருப்பவை

ஒரு நிரல் தனித்து இயங்குவதில்லை. நுண்செயலி தன் கட்டளைகளை அறியும் என்று அது நம்புகிறது. கோப்பைத் திறக்கவும் திரையில் எழுதவும் இயங்குதளம் குறிப்பிட்ட பெயரில் சேவை தரும் என்று நம்புகிறது. தன் கோப்புகளைத் தான் இருக்கும் அடைவிலேயே எழுதலாம் என்றும், நேரம் குறிப்பிட்ட வேகத்தில் நகரும் என்றும், 171ஆம் எண்ணுக்குரிய பைட்டை எழுதினால் திரையில் தான் எதிர்பார்க்கும் எழுத்தே தோன்றும் என்றும் நம்புகிறது. இவற்றுள் சில, நிரலாளர் கையேட்டில் எழுதப்பட்டவை. மற்றவை எங்கும் எழுதப்படாதவை. அக்காலத்தில் அவ்வாறே நடந்தமையால் நம்பப்பட்டவை.

எழுதப்படாத நம்பிக்கைக்குப் பலரும் சுட்டும் சான்று சிம்சிட்டி என்னும் விளையாட்டு. ஜோயல் ஸ்போல்ஸ்கி 2004இல் எழுதிய கட்டுரையொன்று இதனைப் பரவலாக அறியச் செய்தது. நினைவகத்தின் ஒரு பகுதியை விடுவித்த பின்னும் அவ்விடத்தைத் தொடர்ந்து படிக்கும் பிழை அந்நிரலில் இருந்தது. முந்தைய சூழலில் விடுவிக்கப்பட்ட இடம் உடனே வேறெதற்கும் ஒதுக்கப்படாமையால் பிழை வெளிப்படவில்லை. விண்டோஸ் 95இல் அது வெளிப்பட்டது. மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள், சிம்சிட்டி இயங்குவதைக் கண்டால் நினைவகத்தை உடனே திருப்பி எடுத்துக்கொள்ளாத ஒரு தனி வழியை இயங்குதளத்திலேயே அமைத்தனர். பிழை நிரலுடையது; அதனைத் தாங்கிக்கொண்டது இயங்குதளம். இயங்குதளம் மாறியவுடன் விளையாட்டு நின்றால், பயனர் குறைகூறுவது இயங்குதளத்தையே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

வேகமே பகையானபோது

இயங்குதளம் மாறாமல் கணினி மட்டும் விரைவானபோதும் நிரல்கள் நின்றதுண்டு. டர்போ பாஸ்கல் மொழியில் எழுதப்பட்ட நிரல்களைத் தாக்கிய 200ஆம் எண் இயக்கப்பிழை இதற்குத் தெளிவான சான்று. பல்கலைக்கழகங்களிலும் சிறு நிறுவனங்களிலும் அம்மொழி பெரிதும் புழங்கியமையால், இது ஆய்வாளர்களின் பழைய நிரல்களிலும் எதிர்ப்படக்கூடியது.

தனிக்கணினியின் கடிகாரம் நொடிக்கு ஏறத்தாழ 18.2 முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 55 மில்லிநொடி. டர்போ பாஸ்கலின் திரை, விசைப்பலகை அலகான சிஆர்டி, நிரல் தொடங்கியவுடன் ஒரு துடிப்புக்குள் வெற்றுச் சுழற்சி ஒன்றை எத்தனை முறை சுற்ற முடிகிறது என்று எண்ணுகிறது. அவ்வெண்ணை 55ஆல் வகுத்தால் ஒரு மில்லிநொடிக்குரிய சுற்றுகள் கிடைக்கும். பின்னர் நிரலாளர் 500 மில்லிநொடி காத்திருக்கச் சொன்னால், அதற்கேற்பச் சுற்றினால் போதும். எளிமையான ஏற்பாடு. ஆனால் வகுத்தலின் ஈவு 16 பிட்டுக்குள், அதாவது 65,535க்குள், அடங்க வேண்டும். ஒரு துடிப்பில் 36,04,480 சுற்றுகளை எட்டும் கணினி தோன்றும் என்று அதனை வடிவமைத்தோர் கருதவில்லை. 1990களின் பிற்பகுதியில் 200 மெகாஹெர்ட்ஸ் அளவிலான நுண்செயலிகள் வந்தபோது அவ்வெல்லை கடக்கப்பட்டது.

ஈவு இடங்கொள்ளாமல் வழிந்தாலும், சுழியத்தால் வகுத்தாலும், இன்டெல் நுண்செயலி ஒரே குறுக்கீட்டையே எழுப்புகிறது. ஆகவே திரையில் தோன்றிய செய்தி, சுழியத்தால் வகுக்கப்பட்டது என்பதே. நிரலில் எங்கும் சுழியத்தால் வகுக்கப்படவில்லை. பிழைச்செய்தியை நேர்பொருளில் எடுத்துக்கொண்டு தம் கணக்குகளில் பிழை தேடியவர்களுக்கு அது கிட்டியிருக்காது. இதற்கு இருவகைத் தீர்வுகள் உண்டு. இயங்கு கோப்பில் அவ்வகுத்தல் நிகழும் சில பைட்டுகளை மட்டும் திருத்தலாம். அதற்கெனச் சிறு கருவிகள் உருவாகின. அல்லது, கணினியின் வேகத்தைக் குறைத்துக் காட்டும் எமுலேட்டரில் நிரலை இயக்கலாம்.

16 பிட் நிரல்கள் துண்டிக்கப்பட்டமை

இன்டெல் 8086 நுண்செயலி 1978இல் வெளிவந்தது. டாஸ் நிரல்கள் அதன் 16 பிட் முறையில் எழுதப்பட்டன. 1985இல் வந்த 80386, தனக்குள் பல 8086கள் இருப்பதாகக் காட்டும் ஒரு முறையைக் கொண்டிருந்தது. 1993இல் வெளியான விண்டோஸ் என்டி, இம்முறையைப் பயன்படுத்தி ஒவ்வொரு டாஸ் நிரலுக்கும் தனித்தனி மெய்நிகர் கணினியை அளித்தது. 16 பிட் விண்டோஸ் நிரல்களுக்கும் தனிப் பாலம் இருந்தது. ஆதலால் விண்டோஸ் எக்ஸ்பி காலம் வரை பெரும்பாலோர் இச்சிக்கலை உணரவில்லை.

முறிவு 64 பிட்டோடு வந்தது. ஏஎம்டி வடிவமைத்து 2003இல் விற்பனைக்குக் கொணர்ந்த 64 பிட் கட்டமைப்பில், நுண்செயலி 64 பிட் முறையில் இயங்கும்போது மேற்கூறிய 8086 முறை கிடையாது. 16 பிட் விண்டோஸ் நிரல்களைக் கைவிட்டதற்கு மைக்ரோசாஃப்ட் கூறிய காரணம் வேறு: சாளரம் முதலியவற்றைச் சுட்டும் கைப்பிடி எண்கள் 64 பிட் விண்டோஸில் 32 பிட் அளவினவாதலால், அவற்றை 16 பிட்டுக்குள் சுருக்கினால் தகவல் இழக்கப்படும். இக்காரணம் உண்மையே, ஆயினும் முழுமையானதன்று. என்டியின் தொடக்கப் பதிப்புகள் எம்ஐபிஎஸ், ஆல்ஃபா ஆகிய வேற்று நுண்செயலிகளிலும் டாஸ் நிரல்களை எமுலேட்டர் வழி இயக்கின. முடியாமையைவிட, செலவுக்கு ஏற்ற பயனில்லை என்னும் தீர்மானமே இங்கு மேலோங்கியதாகக் கொள்ள வேண்டும்.

விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பும் கிடைத்தது. அதில் டாஸ் நிரல்களுக்கான வாயில் திறந்திருந்தது. 2021இல் வெளியான விண்டோஸ் 11, 64 பிட்டாக மட்டுமே வந்தது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது.

இங்குப் பலரும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. 32 பிட் நிரலாயினும் அதனை நிறுவும் நிரல் 16 பிட்டாக இருக்கலாம். 1990களின் பிற்பகுதியில் வெளிவந்த குறுவட்டுகள் பலவற்றில் இதுவே நிலை. உள்ளிருக்கும் நிரல் விண்டோஸ் 11இலும் இயங்கவல்லது; வாயிற்கதவுதான் திறப்பதில்லை. பரவலாகப் புழங்கிய சில நிறுவுநிரல்களை 64 பிட் விண்டோஸ் அடையாளங்கண்டு, அவற்றுக்கு ஈடான 32 பிட் வடிவத்தைத் தானே வைத்து இயக்குகிறது. அப்பட்டியலில் இல்லாதவற்றைப் பழைய விண்டோஸ் உள்ள மெய்நிகர் இயந்திரத்தில் ஒருமுறை நிறுவி, உருவான அடைவைப் புதிய கணினிக்குப் படியெடுத்தால் பல நேரங்களில் போதுமானது. எமுலேட்டரைத் தேடிச் செல்லுமுன் இதனைச் சோதிப்பது நல்லது.

இயங்குதளம் கூறும் பொய்கள்

தச்சர் பொருத்தமற்ற இடைவெளியில் மெல்லிய மரச்சீவலைச் செருகி இறுக்குவதுண்டு. ஆங்கிலத்தில் அச்சீவலுக்குரிய ஷிம் என்னும் பெயரையே விண்டோஸின் இசைவுப் பொறியமைவும் பெற்றுள்ளது. நிரலுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே புகுந்து, நிரல் கேட்கும் சில கேள்விகளுக்குப் பழைய விடைகளை இது தருகிறது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து பயனரே கோப்பின் பண்புகளில் இசைவுமுறையைத் தெரிவுசெய்யலாம்.

இப்பொய்களில் மிகப் பழையது பதிப்பெண் பற்றியது. விண்டோஸ் 3.10க்குப் பிந்தையதா என்று சோதிக்கும் நிரல்கள் பல, முதன்மை எண் 3க்குக் குறையாமலும் துணையெண் 10க்குக் குறையாமலும் உள்ளனவா என்று தனித்தனியே பார்த்தன. 4.0 என்றால் துணையெண் சுழியம். அந்நிரல்கள் புதிய விண்டோஸைப் பழையதென்று கருதி விலகியிருக்கும். எனவே விண்டோஸ் 95, தன்னை 16 பிட் நிரல்களிடம் 3.95 என்றே அறிமுகப்படுத்திக்கொண்டது. விண்டோஸ் 7 தன் உட்பதிப்பெண்ணை 6.1 என வைத்துக்கொண்டதற்கும் இதுபோன்ற அச்சமே பின்னணி. விண்டோஸ் 8.1 முதல், தன்னை அறிந்திருப்பதாக வெளிப்படையாக அறிவிக்காத நிரல்களிடம் இயங்குதளம் 6.2 என்னும் எண்ணையே கூறுகிறது.

ஆய்வுத் தரவு வைத்திருப்போர் அறிய வேண்டிய பொய் வேறொன்று. பழைய நிரல்கள் தம் தரவுகளைத் தாம் நிறுவப்பட்ட அடைவிலேயே எழுதின. விண்டோஸ் விஸ்டா முதல் சாதாரணப் பயனர் அங்கு எழுத இயலாது. இதனால் நிரல்கள் நின்றுவிடாதிருக்க, 32 பிட் பழைய நிரல் அங்கு எழுத முற்படும்போது, அவ்வெழுத்தைப் பயனரின் சொந்த அடைவுக்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்னும் மறைவான இடத்துக்கு இயங்குதளம் திருப்பிவிடுகிறது. நிரல் தன் அடைவில் எழுதியதாகவே நம்புகிறது. விளைவு: ஒரே கணினியில் இருவர் தத்தம் பெயரில் நுழைந்து ஒரே நிரலைத் திறந்தால், இருவர்க்கும் வெவ்வேறு தரவுகள் தெரியும். நிரலின் அடைவை மட்டும் காப்புப் படியெடுத்தவர், நிறுவிய நாளில் இருந்த வெற்றுத் தரவுத்தளத்தையே காப்பாற்றியிருப்பார். பழைய கணினியொன்றைக் கழிக்குமுன் அந்த மறைவிடத்தைப் பார்ப்பது இன்றியமையாதது.

மொழிபெயர்ப்பும் போலச்செய்தலும்

இயங்குதளமே இல்லாமல் அதன் சேவைகளை மட்டும் மீண்டும் எழுதி அளிப்பது மற்றொரு வழி. 1993இல் தொடங்கிய வைன் திட்டம், விண்டோஸ் நிரல்களை லினக்ஸ் முதலிய தளங்களில் இவ்வாறு இயக்குகிறது. நிரலின் கட்டளைகள் நேரடியாக நுண்செயலியிலேயே நிகழ்கின்றன. சாளரம் திற, கோப்பைப் படி என்னும் வேண்டுகோள்கள் மட்டும் லினக்ஸின் வேண்டுகோள்களாக மாற்றப்படுகின்றன. இதன் முதற்பதிப்பு 1.0 என்னும் எண்ணை எட்டப் பதினைந்தாண்டுகள் ஆயின. கையேட்டில் உள்ள சேவைகளை மட்டுமன்றி, கையேட்டில் இல்லாத நடத்தைகளையும் பிழைகளையும்கூட ஒப்பச் செய்ய வேண்டியிருந்தமை இத்தாமதத்தின் பெரும்பகுதியை விளக்கும். மைக்ரோசாஃப்ட்டின் 64 பிட் விண்டோஸ் கைவிட்ட 16 பிட் விண்டோஸ் நிரல்களை 64 பிட் லினக்ஸில் வைன் இயக்கவல்லது என்பது நகைமுரண். 16 பிட் பாதுகாப்பு முறை அந்நுண்செயலிகளில் எஞ்சியிருப்பதே இதற்கு வழிசெய்கிறது. வைனின் இப்பகுதியைத் தழுவி 64 பிட் விண்டோஸுக்கும் தன்னார்வலர்கள் ஒரு கருவியை உருவாக்கியுள்ளனர்.

எமுலேட்டர் இன்னும் அடியில் தொடங்குகிறது. நுண்செயலியையே மென்பொருளாக எழுதுகிறது. 2002இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ், 8086 குடும்ப நுண்செயலி, திரையட்டை, ஒலியட்டை, டாஸ் சேவைகள் அனைத்தையும் போலச் செய்கிறது. குறித்த நேரத்தில் எத்தனை கட்டளைகளை நிகழ்த்துவது என்பதைப் பயனரே வரையறுக்கலாமாதலின், மேலே கண்ட வேகச் சிக்கலும் இதில் தீர்கிறது. எனினும் அதன் ஆக்குநர்கள் விளையாட்டுகளையே முதன்மையாகக் கருதினர். அலுவல் நிரல்களின் தேவைகள் வேறு. டாஸ் நிரல்கள் அச்சுப்பொறியோடு நேராகப் பேசின. அத்துறை இன்றைய கணினியில் இல்லை. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்னும் கிளை, புள்ளியச்சுப் பொறியொன்றைப் போலச் செய்து அச்சைக் கோப்பாக அளிக்கிறது. தரவுத்தளத்தை வெளியேற்றும் வசதியே இல்லாத நிரல்களில், அறிக்கை அச்சிடு என்னும் கட்டளைதான் சில நேரங்களில் தரவு வெளிவரக்கூடிய ஒரே வழி. ஆகவே இவ்வசதியைச் சிறியதென்று கருதலாகாது.

மெய்நிகர் இயந்திரம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நுண்செயலி உண்மையானது, வன்தட்டு, திரை, வலையட்டை ஆகியவை போலியானவை. அதில் விண்டோஸ் எக்ஸ்பியையோ 98ஐயோ முழுமையாக நிறுவலாம். உரிமம் பயனரிடம் இருத்தல் வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளமாதலால் அதனை வலையோடு இணைக்காமல் வைப்பதே முறை. நுண்செயலி வேறு குடும்பத்தைச் சார்ந்ததாயின் இவ்வழி மட்டும் போதாது. ஆப்பிள் 2020 முதல் தன் கணினிகளில் ஏஆர்எம் வகை நுண்செயலிகளைப் பொருத்துகிறது. அவற்றில் பழைய இன்டெல் விண்டோஸை இயக்க முழு எமுலேட்டரே வேண்டும். டாஸ்பாக்ஸுக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. அடியிலிருந்து போலச் செய்வது மெதுவானது. ஆனால் அடியிலுள்ளது மாறும்போது அதுவே நிலைக்கிறது.

எழுத்துருவில் தங்கிய தமிழ்

மேற்கூறியவை எம்மொழி நிரலுக்கும் பொருந்தும். தமிழ் நிரல்களுக்கு மேலும் ஓரடுக்குச் சிக்கல் உண்டு.

சப்பானிய மொழியில் எழுதப்பட்ட பழைய விண்டோஸ் நிரல் புதிய கணினியில் பொருளற்ற குறிகளைக் காட்டினால், யூனிகோடு சாராத நிரல்களுக்கான மொழி என்னும் அமைப்பைச் சப்பானியத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் சீராகும். அம்மொழிக்கு 932 என்னும் எண்ணுடைய குறிப்பக்கம் விண்டோஸில் உண்டு. தமிழுக்கு அத்தகைய குறிப்பக்கம் ஒருபோதும் இருந்ததில்லை. விண்டோஸ் 2000இல் தமிழ் முதன்முதலாக இடம்பெற்றபோதே யூனிகோடு வழியாக மட்டுமே இடம்பெற்றது. அதற்கு முந்தைய தமிழ் நிரல்கள், தம்மை மேலை ஐரோப்பிய மொழி நிரல்களாகவே இயங்குதளத்திடம் காட்டிக்கொண்டன. ஆங்கில எழுத்துகளும் பிரெஞ்சு எழுத்துகளும் இருந்த இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்த எழுத்துரு ஒன்றே அவற்றைத் தமிழாக்கியது. டாஸ் காலத்தில் கனடாவில் உருவான ஆதமி, மலேசியாவில் உருவான முரசு ஆகிய முன்னோடி முயற்சிகள் தொடங்கி, நிறுவனந்தோறும் வேறுபட்ட எழுத்துருக்கள் வரை இதுவே பொதுவழியாயிற்று. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் தரங்களை அறிவித்தது. மடற்குழுக்களில் உருவான திஸ்கி, மதுரைத் திட்டத்தின் தொடக்கக்கால மின்னூல்களுக்கு அடிப்படையாயிற்று. இவையனைத்தும் 256 இடங்களுக்குள் தமிழை அடக்கியவையே.

இதனால் விளையும் முரண் கவனிக்கத்தக்கது. பழைய தமிழ் நிரல் ஒழுங்காகத் தெரிய, கணினி மேலை ஐரோப்பிய அமைப்பிலேயே இருக்க வேண்டும். விண்டோஸ் 10இன் பிற்காலப் பதிப்புகளில், யூனிகோடு சாராத நிரல்களுக்கும் யுடிஎஃப்-8 குறியேற்றத்தைப் பயன்படுத்தும் விருப்பம் சேர்க்கப்பட்டது. தமிழுக்கு நல்லது என்றெண்ணி அதனைத் தெரிவுசெய்தால், 128க்கு மேற்பட்ட பைட்டுகளைத் தமிழாகப் பயன்படுத்திய நிரல்களின் எழுத்துகள் குலையக்கூடும். அப்பைட்டுகள் யுடிஎஃப்-8 விதிப்படி செல்லாதவை. இவ்வகைச் சிதைவு புதியதுமன்று. திஸ்கியில் ‘இ’ என்னும் எழுத்துக்கு 173ஆம் இடம் தரப்பட்டிருந்தது. மேலை ஐரோப்பியப் பக்கத்தில் அது வரியின் முடிவில் மட்டும் தோன்ற வேண்டிய மென்இணைப்புக்குறியின் இடம். அதனை அவ்வாறே கையாண்ட நிரல்களில் ‘இ’ மறைந்தது. பின்னர் அவ்வெழுத்துக்கு 254ஆம் இடமும் மாற்றாக அளிக்கப்பட்டது. பழைய திஸ்கிக் கோப்பை மாற்றும் கருவி இவ்விரு இடங்களையும் அறிந்திருத்தல் வேண்டும்.

நூலகப் பட்டியல்: ஒரு சான்று

யுனெஸ்கோ 1985இல் தனிக்கணினிக்கென வெளியிட்ட சிடிஎஸ்/ஐசிஸ் என்னும் நூற்பட்டியல் நிரல், இந்தியாவில் நிசாட் என்னும் அரசுத் திட்டத்தின் வழி நூலகங்களுக்குப் பரவலாக வழங்கப்பட்டது. அதன் டாஸ் பதிப்பு டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டரில் இயங்கவல்லது. பட்டியல் திரையில் தோன்றியவுடன் பணி முடிந்ததென்று கருதுவது இயல்பு. உண்மையில் அங்குதான் பணி தொடங்குகிறது.

ஐசிஸ், நூற்பதிவுகளை முதன்மைக் கோப்பு ஒன்றில் வைத்து, தேடலுக்குத் தனியே சொல்லடைவுக் கோப்புகளை உருவாக்குகிறது. சொல்லடைவில் சேருமுன் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்துக்கு மாற்றப்படுகிறது. எந்தப் பைட் எதுவாக மாற வேண்டும் என்பதைக் கூறும் அட்டவணை ஒரு தனிக்கோப்பு. நூலகமே அதனைத் திருத்திக்கொள்ளலாம். ஆங்கிலத்துக்கு ஏற்ற இவ்வட்டவணை தமிழுக்கு என்ன செய்யும் என்பதைப் பாமினி எழுத்துரு முறையைக்கொண்டு காணலாம். அதில் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ ஆகிய சிறிய ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாகச் சேமிக்கப்படுகிறது. பெரிய எழுத்துகளாக மாறினால் அவை முறையே து, மு, ஈகாரக்குறி, ழு ஆகின்றன; அரைப்புள்ளி மட்டும் புள்ளியாகவே எஞ்சுகிறது. பதிவில் ‘தமிழ்’ பிழையின்றி இருக்க, சொல்லடைவில் எம்மொழியுமல்லாத ஒரு கோவை நிற்கும். நூலகர் அட்டவணையைத் திருத்தியிருந்தால் இது நேராது. ஆகவே தரவுக் கோப்புகளோடு அவ்வட்டவணையையும் எழுத்துருக் கோப்பையும் சேர்த்தே காக்க வேண்டும். எழுத்துரு இல்லாத நிலையில் அப்பைட்டுகளுக்குப் பொருள் கூற எதுவும் இல்லை.

பதிவுகளை வெளியேற்ற ஐசிஸ் அளிக்கும் வழி, ஐஎஸ்ஓ 2709 என்னும் பரிமாற்ற வடிவம். இன்றைய நூலக நிரல்கள் இதனைப் படிக்கின்றன. சொல்லடைவைக் கொணர வேண்டியதில்லை. புதிய நிரல் அதனைத் தானே உருவாக்கும். கொணர்ந்த பதிவுகளை யூனிகோடாக்குவதே எஞ்சும் பணி. பழைய எழுத்துருக்கள் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்தன. ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகள். யூனிகோடில் ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னும் வரும். இடமாற்றத்தைக் கருவிகள் எளிதில் செய்துவிடும். செய்ய இயலாதது, ஒரே வடிவம் இருபொருள் தரும் இடம். பாமினி போன்றவற்றில் ஔகாரக்குறியின் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. ‘கௌரி’ என்று கருதி உள்ளிட்டதும் ‘கெள’ என்று தொடங்கும் கோவையும் பைட் அளவில் ஒன்றே. எனவே மாற்றத்துக்குப் பின் ‘கெளரவம்’, ‘பெளத்தம்’, ‘மெளனி’ என்னும் வடிவங்கள் பட்டியலில் பரவும். கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது; தேடலில் அந்நூல்கள் அகப்படா. ஔகாரத்தில் தொடங்கும் பெயர்களும் நூற்றலைப்புகளும் அளவானவையாதலால், இவற்றை மனிதரே பட்டியலிட்டுத் திருத்துவது இயலக்கூடியதே.

சரிபார்ப்பிலும் எமுலேட்டருக்குப் பங்குண்டு. பழைய நிரலைப் பழைய எழுத்துருவோடு ஒரு சாளரத்தில் இயக்கி, மாற்றப்பட்ட பட்டியலை மறுசாளரத்தில் வைத்து ஒப்பிடலாம். முதலில் இருபுறமும் பதிவுகளின் எண்ணிக்கை ஒத்திருக்கிறதா என்று காண வேண்டும். அடுத்து, முதற்பதிவு, இறுதிப்பதிவு, மிக நீண்ட பதிவு ஆகியவற்றை எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். நீண்ட பதிவுகளின் வால் வெட்டுப்படுவது பரிமாற்றத்தில் நேரும் வழக்கமான இழப்பு. பின்னர் ஔகாரம், ஆய்தம், கிரந்த எழுத்துகள், தமிழும் ஆங்கிலமும் விரவிய தலைப்புகள் ஆகியன வரும் பதிவுகளைத் தெரிந்தெடுத்துப் பார்க்க வேண்டும். இருமொழித் தலைப்புகளில் எப்பகுதி எந்த எழுத்துருவில் உள்ளிடப்பட்டது என்பதைப் பைட்டுகள் கூறா. ஆங்கிலப் பகுதியைக் கருவி தமிழாகக் கருதி மாற்றியிருப்பின், மூலத்தைத் திரையில் காணாமல் அதனைக் கண்டறிய இயலாது. இவ்வொப்பீடு முடியும் வரை பழைய கோப்புகளின் மாற்றப்படாத படியொன்றையும், அவை இயங்கும் எமுலேட்டர் அமைப்பையும் ஒருசேர வைத்திருத்தல் வேண்டும். அச்சிட்ட நூற்பட்டியல் அட்டைகள் இன்னும் கழிக்கப்படாத நூலகங்களில், ஐயத்துக்குரிய பதிவுகளை அவ்வட்டைகளோடும் ஒத்துப்பார்க்கலாம்.